அக்காவின் அரை டம்ளர் காப்பி

அன்று காலை ஐந்து ஐம்பது. மாடியிலிருந்து இறங்கி வந்த நான் முதலில் பார்த்தது, வாசலில் செம்பருத்தித் தொட்டியின் ஈர மண். அக்கா எழுந்துவிட்டார் என்பதற்கு அதுதான் எங்கள் வீட்டு அடையாளம். உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

அந்த ஈரத்தின் காரணத்தை உறவினர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆர்.கே.பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர் அக்கா. அம்மாவுடன் நடவுக்குக் கூலியாகப் போய், வரப்பில் நின்றபடி வரக்காப்பி குடித்து வளர்ந்தார். திருமணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். மாமா விபத்தில் மறைந்தபின் தொழிற்பேட்டையில் ஒயர் கட்டும் ஆலையில் சேர்ந்து, மகளையும் படிக்கவைத்தார், தம்பி என்னையும் படிக்கவைத்தார். தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது, ஷிப்ட் முடிந்ததும் எதிர்ச் சந்தின் சிறிய கடையில் ஒரு ஃபில்டர் காப்பி.

அங்கே பெஞ்சில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த காலம். எல்லோரும் நைனா என்று அழைக்கும் கடைக்காரர், "பார்சலாம்மா?" என்று கேட்டாராம்.

"நின்னுக்கினு குடிச்சதெல்லாம் போதும் நைனா. உக்காந்து குடிக்கிறேன், கொஞ்சம் நவுரச் சொல்லு."

நகர்ந்தார்கள். அடுத்த வாரம் அக்காவுடன் ஆலைத் தோழிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இதை நைனாவே சொல்லிச் சிரிப்பார்.

சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியபோது, மருத்துவர் தண்ணீருக்கு அளவு வைத்தார். குழம்பு, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு பாட்டில். காப்பியை விட்டுவிடுவார் என்றே நினைத்தோம். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அந்த பாட்டிலுக்குள்ளயே காப்பியும் அடங்கிச்சுன்னா குடிக்கலாமா டாக்டர்?"

அரை டம்ளருக்கு அனுமதி கிடைத்தது.

மறுநாளிலிருந்து எழுந்ததும் பாட்டிலை நிரப்புவார். அதிலிருந்து அரை டம்ளரை அளந்து செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். அது மாலைக் காப்பியின் பங்கு. பாட்டிலிலேயே இருந்தால் தாகத்தில் குடித்துவிட்டு, அப்புறம் காப்பியையும் குடிக்கத் தோன்றும் என்பார். அக்னி நட்சத்திரத்தில் உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு பேசக்கூட முடியாத நாட்களிலும் அந்த மண் ஈரமாகத்தான் இருந்தது. செய்தி எழுதும் தொழிலில் வியப்புக்குறி போடாமல் பழகியவன் நான். ஒவ்வொரு காலையும் அந்தத் தொட்டியருகே நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

மாலையில் நைனா கடை பெஞ்சில் அரை டம்ளரோடு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். முதலில் முகர்வார். பிறகு உள்ளங்கையில் வைத்துச் சூட்டை வாங்கிக்கொள்வார். குடிப்பது கடைசியில்தான்.

"இன்னாக்கா, காக்காவுக்கு வெக்கிற அளவு வாங்கிக்கினு கல்யாண விருந்து மாரி சாப்புட்ற!" என்று ஒரு தோழி சீண்டுவார்.

"நீங்கள்லாம் முழுங்கிக்கினு பஸ்ஸப் புடிக்க ஓடறீங்கடி. குடிக்கிறது நான் ஒருத்திதான்."

கத்திரி வெயிலில் ஒரு மாலை, அக்காவின் உதட்டைப் பார்த்து மனம் கேட்காமல் நைனா டம்ளரை நிரப்பிவிட்டார். "ஒரு நாளைக்குத்தானம்மா. இன்னா ஆயிடப்போவுது?"

அக்கா பாதியைத் தோழியின் டம்ளரில் ஊற்றினார்.

"நாளைக்கும் வரணுமே நைனா."

மறுநாளும் போனார். கடைசி நாளுக்கு முந்தைய மாலைவரை போனார்.

ஊசி குத்தும் கையைத் தடவிக்கொடுத்த டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பெஞ்சில் அக்காவுக்கு எப்போதும் இடம் விட்டுவைத்த தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. நைனா பதினாறாம் நாள் படையலுக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தார். அக்காவின் படத்துக்கு முன் அவர் வைத்த டம்ளரில் காப்பி விளிம்புவரை இருந்தது.