எங்கள் ஜீப் குடித்த டீசல்

வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்று யாராவது கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். பெயிலான பிள்ளையின் மார்க்கை விசாரித்தால் தகப்பன்மார் முகம் போகுமே, அதே முகம். கூடலூரிலிருந்து ஓவேலிப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய ஜீப் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மழையில் பாதை சேறாகிப் போய் மற்ற வண்டியெல்லாம் கையை விரித்தாலும் அது ஏறிவிடும். ஆனால் ஏறின ஏற்றத்துக்கெல்லாம் பங்க்கில் வைத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். அப்படி ஒரு வயிறு அதற்கு.

அம்மா எஸ்டேட்டில் இலை பறித்தாள். அவள் சம்பளமும் மெல்ல மெல்ல அந்த வயிற்றுக்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஏனுங்க, தீவாளி வரைக்கும் பார்க்கலாம். அதுக்கப்புறமும் இப்பிடியே குடிச்சுதுன்னா வித்துப்போட்டு நீங்க திருப்பூர் போயிருங்க. கம்பெனி வேன் ஓட்ட ஆள் கேக்கறாங்களாம்."

அப்பா தட்டில் ரசத்துக்குக் குழி பறித்தார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் லைனில், அதுதான் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், ஏற்கெனவே இரண்டு வீட்டு அப்பாக்கள் திருப்பூரில் இருந்தார்கள். பண்டிகைக்குப் பண்டிகை பலகாரப் பொட்டலத்தோடு வருவார்கள். அவர்கள் பிள்ளைகளே கொஞ்சம் கூச்சத்தோடுதான் கிட்டே போவார்கள். என் அப்பாவிடம் நானும் அப்படிக் கூச்சப்பட வேண்டி வருமோ என்று நினைத்து நினைத்து அழுதேன். அப்போது நான் நாலாம் வகுப்பு.

அந்தச் சமயத்தில் சாமி போல வந்து சேர்ந்தவர்தான் மாமா, அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. லீவுக்கு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டார். அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு. உலகத்திலேயே பெரிய உத்தியோகம் அதுதான் என்ற நினைப்பில் இருந்தேன்.

முதலில் சுமையைக் குறைத்தார். தலைமேல் இருந்த இரும்புக் கேரியர் இறங்கியது. சீட்டுக்கு அடியிலிருந்து கடப்பாரை, சங்கிலி, வழுக்கை விழுந்த டயர்கள் எல்லாம் வெளியே வந்தன. யாரோ சந்தையில் வாங்கி ஏற்றி, இறக்க மறந்துபோன ஒரு அம்மிக்கல்லும் வந்தது. இத்தனையும் சுமந்துகொண்டு இந்த மலையில் ஏறினால் நானும்தான் குண்டான் குண்டானாகத் தின்பேன், ஜீப்பைச் சொல்லிக் குற்றமில்லை என்றார் மாமா.

அடுத்து ஏர் ஃபில்டர். தட்டத் தட்டத் தூசி கொட்டிக்கொண்டே இருந்தது. டயர்களில் பாதிக் காற்றுதான் இருந்தது. பஞ்சர் என்று நினைத்து மாமா தேடினால், அப்பாவே இறக்கி வைத்திருந்த காற்று அது. பிள்ளைத்தாச்சிகள் ஏறுகிற வண்டி, குலுங்கக்கூடாதாம். மாமா காற்றை முழுசாக அடித்தார். அன்றைக்கு ஏறினவர்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, போகிற போக்கில் மாமாவுக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெரிய வியாதி அதற்கப்புறம்தான் தெரிந்தது. முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கிற லிவர் ஒன்று ஜீப்பில் உண்டு. சேற்றிலோ சறுக்கலிலோ மட்டும் போட வேண்டியது. அப்பா போன மழைக்காலத்தில் போட்டவர், எடுக்கவே இல்லை. லிவர் அங்கேயே துருப்பிடித்துக் குடியிருந்தது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க மச்சா, தார் ரோட்டுலயுமா?"

"ரெண்டு கால்ல நடக்கறதுக்கு நாலு கால்ல நடக்கறது பத்திரந்தான மாப்ள," என்றார் அப்பா. ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்களும் அதையே சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் இரண்டு கையாலும் இழுத்து மாமா அந்த லிவரை விடுவித்தார். அந்த வாரம் டீசல் முள் பழையபடி தொப்பென்று விழவில்லை. அம்மா தம்பிக்குக் கோழிக்குழம்பு வைத்தாள்.

ஆனாலும் போதவில்லை. அம்மாவின் கெடு அப்படியே இருந்தது. இன்னும் ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி என்றார் மாமா. சாயங்கால டிரிப்பில் ஒவ்வொரு ஆளையும் அவரவர் ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டு, அப்பா உடனே கிளம்ப மாட்டார். லைட்டைப் பாதைப் பக்கம் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். இறங்கினவர்கள் மேலே போய்க் குரல் கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். நிற்கிற வண்டிக்கு எதற்கு டீசல் என்று மாமா கேட்டார். "அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் மாப்ள" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். நான் மாமா கட்சி. அப்பாவுக்கு எஞ்சின் சத்தத்தின் மேல் ஆசை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்துவிட்டால் ஆனை என்ற பேச்சை யாரும் வாய்விட்டு எடுக்க மாட்டார்கள். எடுத்தால் வந்து நிற்கும் என்று ஒரு பயம். அதனால் அப்பா காரணம் சொல்லவில்லை, கோயமுத்தூர்க்கார மாமாவுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். சாயங்கால டிரிப்பை மாமா எடுத்தார். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கடைசியில் மேல் லைன் அக்கா ஒருத்திதான் மிச்சம், இடுப்பில் அவள் குழந்தையோடு. இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள், மாமா சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டார். லைட்டும் போய்விட்டது. அக்கா நின்றுவிட்டாள்.

"தம்பி, ஆஃப் பண்ணாதீங்க தம்பி."

பார்த்துப் போங்கக்கா என்று சொல்லிவிட்டு மாமா சின்ன லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு நியூட்ரலில் பிரேக்கை விட்டார். எங்கள் லைன் வரைக்கும் இறக்கம்தான், ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் போய்விடலாம் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூடுபனிக்குள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வளைவைத் தாண்டியதும் நடு ரோட்டில் ஆனை நின்றது. பக்கத்தில் குட்டி.

எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாக இறுகியிருந்தது. மாமா ஏறி நின்று மிதித்து எப்படியோ வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருகினால் செல்ஃப் டக்கென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். கீழே வழியை மறித்து நிற்பதோ அதுதான். அது மெதுவாகத் திரும்பிக் காதுகளை விரித்தது.  நான் மாமா சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. படுத்திருந்த அப்பா, மேல் லைன் வளைவில் எஞ்சின் சத்தம் பாதியில் நின்றதைக் காதில் வாங்கியிருக்கிறார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சும் எண்ணெய் டின்னுமாகக் காய்ச்சலோடு ஏறி வந்துவிட்டார். நேராக வரவில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி, அதற்குப் போக வழி விட்டுத் தட்டினார். அது குட்டியைத் தள்ளிக்கொண்டு சதுப்புப் பக்கம் இறங்கிப் போனது.

அப்பா என்னை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம் எங்களைத் தாண்டி மேலே போனார். அக்கா இறங்கின இடத்திலேயே, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாளாம். அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் மாமாவிடம் பேசினார்.

"சத்தம் கேட்டா அது ஒதுங்கிப் போயிரும் மாப்ள. சத்தம் நின்னா அவங்களும் நிப்பாங்க, அதுவும் நிக்கும். இந்த டீசல் அதுக்குத்தான்."

திட்டவில்லை. மாமா அழுதுவிட்டார்.

லீவு முடிந்தும் மாமா போகவில்லை. செல்ஃபைக் கழற்றிச் சரி செய்தார். நாலு சக்கரத்திலும் பிரேக் உரசிக்கொண்டே இருந்ததைக் கண்டுபிடித்து அதையும் விடுவித்தார். நின்று எரிகிற டீசலுக்கு ஈடாக ஓடுகிற டீசலில் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். தீபாவளி வந்தது, போனது. வண்டியும் அப்பாவும் எங்களோடேயே இருந்தார்கள். இன்றைக்குக் குன்னூரில் ஒரு தேயிலை ஆபீசில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால், கொஞ்சமாய்க் குடிக்கப் பழகிய அந்த ஜீப்பும் அதைப் பழக்கிய மாமாவும்தான் காரணம். அந்த மனுஷனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஒன்று மட்டும் அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் லைனுக்கு ரோடு கிடையாது, தேயிலைக்கு நடுவே படிதான். அப்பா என்னை முதலில் ஏறச் சொல்லுவார். நான் வாசலுக்குப் போய்க் கத்தின பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஏறி வருவார். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா வாசலுக்கு வருவாள். கழுவிக் கவிழ்த்த குண்டானையே திரும்ப எடுத்துக் கல்லில் போட்டு உருட்டுவாள். டீசலையும் ஜீப்பையும் அப்பாவையும் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டித் தீர்ப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே ஏறி வந்து வாசலை மிதித்ததும் அடங்கிவிடுவாள். நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிற மனுஷனை வாசலிலேயே இப்படியா வரவேற்பது என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வரும்.

எல்லோரும் வீடு சேர்ந்த பிறகு கடைசியாக ஏறி வருகிற அப்பாவுக்கென்று ஓட எந்த எஞ்சினும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.