குண்டடத்துக் கல்வீரனும் சிமெண்டுச் சிப்பாயும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் வரைவது என் தொழில். போன மாசியில் ஓர் ஏற்றுமதி ஆர்டருக்காக, மூன்று வயதுப் பிள்ளைகளின் டி-ஷர்ட்டில் போட பீரங்கி வண்டி வரைந்தேன். பொம்மை மாதிரி உருண்டையாக வேண்டும் என்றார்கள். ஒரே தடவையில் ஓகே ஆனது. அதே வாரம் டிவி செய்திகளில் நிஜ பீரங்கிகள் வீடுகளை இடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் போரை எப்படித்தான் காட்டினார்கள் என்று பார்க்கத் தோன்றியது. குண்டடம் பக்கம், போரில் செத்த ஒருவனுக்கு நட்ட பழைய வீரக்கல் இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு பஸ். பல்லடத்தில் மாறி, குண்டடத்தில் இறங்கும்போது மணி 8.25. மொத்தம் 48 ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 180.

"ஏனுங்க, அந்தக் கல்லப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் டிரைவர். நம்பவில்லை போல.

சோளக்காட்டு ஓரத்தில் இடுப்பளவு உயரக் கல். கீழ்த்தட்டில் வாளோடு வீரன், மார்பில் மூன்று அம்புகள். நடுத்தட்டில் இரண்டு தேவமகளிர் அவன் தோளைப் பிடித்து மேலே கொண்டுபோகிறார்கள். உச்சியில் சிவலிங்கத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். மார்பில் அம்பு தைத்திருந்தும் அவன் முகத்தில் வலி இல்லை. காலடியில் எதிரி கட்டைவிரல் அளவுக்குக் கிடக்கிறான். அவனுக்கு முகமே செதுக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அருகில் வந்தார். பெயர் சரசு. என்ன வேலை என்று கேட்டார். படம் வரைகிறவன் என்றேன்.

"அப்படின்னா எம்பையனையும் வந்து பாருங்க சாமி."

ரோட்டோரம் சிமெண்டுச் சிலை. பச்சை பெயிண்டில் ராணுவ உடுப்பு, கையில் துப்பாக்கி, வாய் நிறையச் சிரிப்பு. எல்லையில் குண்டு வெடித்து இறந்து நான்கு வருடமாகிறதாம்.

"கண்ணாலத்துல எடுத்த போட்டோவப் பாத்துச் செஞ்சாங்க. அதான் சிரிக்கறான்," என்றார். "பொட்டியத் தொறக்க உடலீங்க. தொறக்கற மாதிரி இல்லீன்னுட்டாங்க. கடைசியா எப்படி இருந்திருப்பான்னு நீங்க வரஞ்சு தர முடியுங்களா?"

மறுக்க வாய் வரவில்லை. புளியமர நிழலில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் வரைந்தேன். கண்ணை மூடவைத்தேன், கன்னத்தில் காயம் போட்டேன். கை தானாகவே காயத்தைச் சின்னதாக்கியது, உதட்டைச் சரிசெய்தது. கடைசியில் நன்றாகத் தூங்குகிற ஒரு பையன்தான் தாளில் இருந்தான்.

சரசம்மா வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க," என்று திருப்பிக் கொடுத்தார். "இது அவனில்லீங்க."

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்தடி தள்ளி அந்த வீரக்கல். அதைச் செதுக்கியவனிடமும் யாராவது ஒரு தாய் கேட்டிருப்பாளோ? அவன் கையும் என் கை போலத்தான் தானாகக் காயத்தைச் சின்னதாக்கியிருக்குமோ? போரைப் பார்த்தவர்கள் செத்துப்போகிறார்கள், பார்க்காத நாங்கள் வரைகிறோம். இத்தனை நூற்றாண்டில் இது மாறியதாகத் தெரியவில்லை. இனிமேல் மாறும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போங்கள், சாய்வெயிலில்தான் அம்புகள் தெரியும். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை கிடையாது. திரும்புவதற்கு ஆட்டோவை நிறுத்திவையுங்கள், காத்திருக்க 100 ரூபாய். அந்த அம்மா வந்து என்ன வேலை என்று கேட்டால், வரைவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.