அண்டாவுக்குப் பக்கத்தில் பட்டினி

பேகம்பூரில் நோன்பு பதினோராம் நாள் ஒரு செய்தி கிளம்பியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் ஹஸ்ஸான் பட்டப்பகலில் அண்டாவிலிருந்து ஒரு செம்புக் கஞ்சியை மொண்டு குடித்துவிட்டாராம். செம்பட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் செம்பு வாளியானது. வடமதுரையில் இறங்கியபோது கஞ்சி பிரியாணியாகி, கூடவே ஒரு தொடைக்கறியும் சேர்ந்திருந்தது.

விசாரித்தால், அன்று அண்டாவில் ஒரு அகப்பைகூடக் குறையவில்லை. தொடைக்கறி போடுகிற அளவுக்குக் கமிட்டிக்கு மனசும் இல்லை. ஆனால் பகல் இரண்டு மணிக்கு ஹஸ்ஸானின் வாயில் ஒரு கடலைமிட்டாய் இருந்தது உண்மை. அதை அவர் துப்பவில்லை என்பதும் உண்மை.

இருபத்திரண்டு வருஷமாக அந்த அண்டா அவர் கையில். உப்புப் பார்க்க நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்து உடனே துப்பிவிடுவார். நோன்போடு சமைக்கிறவருக்கு அம்மட்டும் அனுமதி உண்டு. போன வருஷம் மயங்கி விழுந்து அடுப்புத் தணலில் முழங்கையைப் பொசுக்கிக்கொண்டார். டாக்டரம்மா சுகருக்கு ஊசி எழுதிக் கொடுத்து, "இனிமே நோன்பு வேணாம் பாய். ஊசி போட்ட அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும்" என்று சொல்லிவிட்டார்.

தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. விட்ட நாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும். இது ஹஸ்ஸானுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரிந்ததை முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்வதில்தான் ஊருக்குக் கஷ்டம். அதனால் இந்த வருஷம் ஹஸ்ஸான் தினமும் விறகு அறைக்குள் போய் ஊசி போட்டு, இட்லியை முழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உப்புப் பார்த்துத் துப்பினார். நோன்பில்லாத மனுஷன் துப்பிய துப்பு அது. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது.

கமிட்டிப் பொருளாளர் முகமது ரஃபீக்கின் மேல் அதைவிட ஆத்திரம். தோல் வியாபாரி. தினமும் விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் ஊரின் எல்லா போனுக்கும் குரல் அனுப்புவார்: "நோன்பு இருந்தா சுகர் தலைதெறிக்க ஓடும். ஊசியைத் தூக்கி எறிங்க." தோலைப் பதம் பண்ணத் தெரிந்தவருக்கு உள்ளே இருக்கிற கணையமும் அத்துப்படி போலிருக்கிறது.

அந்தப் பதினோராம் நாள் ஹஸ்ஸான் ஊசியைப் போட்டு டிபன் டப்பாவின் மூடியைத் திறக்கப்போகும்போது ரஃபீக் வெளியிலிருந்து கூப்பிட்டார். அரிசி மூட்டை வந்திருந்தது. ஹஸ்ஸான் வெளியே வந்தார். மூட்டைகள் விறகு அறைக்குள் போயின. ரஃபீக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டு, அடுப்புக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். திண்டுக்கல் பூட்டு, இழுத்தால் வருமா?

"சாவி கொடுங்க" என்றால் போதும். "எதுக்கு?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஹஸ்ஸான் அகப்பையைத் துழாவிக்கொண்டே நின்றார். ஊசி போட்டு அரை மணி தாண்டிவிட்டது; சுகர் இறங்க இறங்கக் கை நடுங்கியது. வேர்வை தாடியில் இறங்கியது. கண்ணெதிரே ஐந்நூறு பேருக்கான கஞ்சி. ஒரு வாய் போதும். வைத்தார், துப்பினார். மறுபடி வைத்தார், மறுபடியும் துப்பினார்.

"இன்னைக்கு உப்பு பிடிபடலையோ?" என்றார் ரஃபீக்.

அப்போதுதான் பூக்காரி சண்முகவள்ளி தூக்குவாளியோடு வந்தாள். புருஷன் பாண்டியராஜின் வயிற்றுப்புண்ணுக்கு இந்தக் கஞ்சிதான் கேட்கும் என்று வருஷா வருஷம் முப்பது நாளும் வருகிறவள். ஹஸ்ஸானை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அப்பனும் சுகர்காரர். மடியிலிருந்த கடலைமிட்டாயை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் வாயில் திணித்தாள்.

"மெல்லுங்கண்ணே. துப்புனீங்க, அம்புட்டுத்தேன்."

ஹஸ்ஸான் மென்றார். ரஃபீக் நாற்காலியை விட்டு எழுந்தார். மீதியைத்தான் செம்பட்டியும் வடமதுரையும் பார்த்துக்கொண்டன.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் விசாரணை. ஹஸ்ஸான் ஊசிச் சீட்டை நீட்டினார். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் படித்துப் பார்த்து, நோயாளிக்குச் சலுகை உண்டு, இதில் பேச ஒன்றுமில்லை என்றார்.

"அது சரி ஹஜ்ரத். நோன்பில்லாத ஆளு காய்ச்சுனா ஜனங்க என்ன நினைப்பாங்க? வேற ஆளு பாப்போமே" என்றார் ரஃபீக்.

இருபத்திரண்டு வருஷம் அடங்கியிருந்த ஹஸ்ஸான் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அல்லா விட்டுக்குடுத்ததை நீ பூட்டி வைப்பியா, ரஃபீக்கு? என் சோத்தை உள்ள வச்சு சாவியை நீ ஜேப்புல போட்டுக்கிட்டே. நான் செத்திருந்தா, நோன்போட போன ஆளுன்னு மைக்குல அழுதிருப்பே. மென்னு முழுங்குனதால நான் குத்தவாளி. ஊசியைத் தூக்கி எறின்னு தெனமும் சொல்றியே, அதைக் கேட்டு எத்தனை பேரு எறிஞ்சான்னு எண்ணிப் பாத்தியா? நாளையிலருந்து எல்லாரு முன்னாடியும் உக்காந்துதேன் இட்லி திம்பேன். அகப்பை வேணும்னா இந்தா, நீயே துழாவு."

அகப்பையை நீட்டினார். ஆளுயர அகப்பை, நல்ல கனம். ரஃபீக் அதைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை. ஹஜ்ரத், "கஞ்சி அடிபிடிக்குது, போங்க" என்றார்.

மறுநாள் ஹஸ்ஸான் எல்லார் முன்னாலும் உட்காரவில்லை. நோன்பாளிகள் எதிரே சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. விறகு அறைக்குள்ளேதான் தின்றார். கதவை மட்டும் சாத்தவில்லை. ரஃபீக்கின் குரல் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வெந்தயத்தின் மகிமையோடு வந்துவிட்டது.

பெருநாளுக்குள் ஹஸ்ஸான் விட்ட நாளுக்கெல்லாம் ஆள் பார்த்துச் சோறு போட்டுவிட்டார், பதினோராம் நாள் தவிர. அது சண்முகவள்ளிக்குத்தான் என்று வைத்திருந்தார். போய்ச் சொன்னதும் அவள் பூக்கட்டுவதை நிறுத்தினாள்.

"ஏழைக்குப் போடுற சோறா? நான் ஏழைன்னு யாருண்ணே உங்களுக்குச் சொன்னது? விருந்துன்னு கூப்புடுங்க, குடும்பத்தோட வாரேன்."

"விருந்துன்னு போட்டா என் கடன் தீராதேம்மா."

"அப்ப இருக்கட்டும்."

இதற்கு என்ன வழி என்று ஹஜ்ரத்திடம் அவர் கேட்கவில்லை. கேட்டால் ஹஜ்ரத் வேறு யாராவது ஏழையைக் கைகாட்டிவிடுவார். வாரம் ஒருமுறை பூக்கடைப் பக்கம் போய், "என்னம்மா, வாரியா?" என்கிறார். அவளும், "என்னான்னு கூப்புடுறீங்க?" என்கிறாள்.