கொம்பு ஊதும் தையல்காரர்

வருஷம் முழுக்கத் தையல்காரரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இடுப்பைச் சுருக்க வேண்டும், ஜிப் மாற்ற வேண்டும் என்று வருவார்கள், பேரம் பேசுவார்கள், போய்விடுவார்கள். யூதப் புத்தாண்டின் இரண்டு நாள் மட்டும் கதையே வேறு. ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கிடாக் கொம்பை ஊதுகிறவர் அவர்தான். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டே ஆகவேண்டும் என்பது கட்டளை. மற்ற நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அன்றைக்கு வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள், கோட்டுப் பொத்தானின் தடித்த நூலைப் பழக்கதோஷத்தில் பல்லால் கடித்தார். முன்பல் பாதியாக உடைந்து மேசையில் விழுந்தது.

“கத்தரி கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு,” என்றாள் மனைவி.

பல் டாக்டரம்மா அவசரத்துக்கு ஒரு பல்லை ஒட்டிவிட்டார். ஊத முடியுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். “நான் சர்ச்சுல பாடுறவ. ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தொண்டை சுத்தமா கட்டிக்கிச்சு. கூட்டத்தோட நின்னு சும்மா வாயை அசைச்சேன், யாருக்கும் தெரியல.”

“உங்களுக்குக் கூட்டம் இருந்தது டாக்டர். எனக்கு நான் ஒருத்தன்தான்.”

வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. அன்று மாலை, வருஷம் இனிக்க வேண்டும் என்று மனைவி தேனில் தொட்டுக் கொடுத்த ஆப்பிள் துண்டை ஒட்டுப்பல்லில் படாமல் ஓரமாக மென்றார்.

“பேசாம என் தம்பிகிட்ட கொடுத்துடுங்களேன். அவனுக்கும் ஊதத் தெரியும்.”

அவர் மீதி ஆப்பிளைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். பயத்தில் பாதி கடவுளிடம், பாதி அந்த மைத்துனனிடம். கொம்பு எப்போது தன் கைக்கு வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவன் அவன்.

மறுநாள் ஜெபச் சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆசி வாக்கியத்தைச் சொன்னார். கூடம் அடங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஊத வேண்டிய முதல் ஒலியின் பெயரை மெல்லச் சொன்னார். தையல்காரர் ஊதினார். காற்று. யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் மனைவி தலையே நிமிரவில்லை. கொம்பைக் கடைவாய் ஓரத்துக்கு நகர்த்தி மறுபடி ஊதினார். கரகரவென்று நடுங்கிக்கொண்டு ஒரு சத்தம் கிளம்பியது. பெரியவர் தலையாட்டி அடுத்ததைச் சொன்னார். நீள ஒலி நடுங்கியது, விம்மலாக ஊத வேண்டியது உண்மையாகவே விம்மியது. மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை ஊதி முடித்தார்.

சால்வையை மடிக்கிற சாக்கில் குனிந்து நின்றவரிடம் முதல் ஆளாக மைத்துனன் வந்தான். கண் சிவந்திருந்தது.

“அத்தான், இத்தனை வருஷமா நல்லாத்தான் ஊதினீங்க. ஆனா இன்னைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் அழுதாங்க.” அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “நாளைக்கும் இதே மாதிரி ஊதணும்.”

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நாக்கு அந்த ஒட்டுப்பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

“தம்பி என்ன சொன்னான்?” என்று கேட்டாள் மனைவி.

“நாளைக்கும் இதே மாதிரி ஊதணுமாம்.”

“ஊதுங்களேன்.”

“எப்படி ஊதினேன்னே எனக்குத் தெரியலையே.”