நம்பாதவள் செய்த நேர்த்தி

நான் கடவுளை நம்புவதில்லை என்று தெரியவந்ததும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வன்னியில் என் வயதுப் பெண் ஒருத்தி கோயிலுக்குப் போவதில்லை என்றால், அதற்குப் பின்னால் பெரிய இழப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவுகட்டிவிடுவார்கள். இழப்புகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் யுத்தம் நடந்த அந்த நாட்களில் நான் நன்றாகவே கும்பிட்டேன். ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கருக்குள் குந்தியிருந்து கும்பிட்டேன். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும் கும்பிட்டேன். நம்பிக்கை என்னை விட்டுப் போனது எல்லாம் அடங்கிய பிறகு, நெளுக்குளத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டி, கிணற்றுக்கு மோட்டர் பூட்டி, நிம்மதியாக இருந்த ஒரு காலத்தில். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறந்துபோனேன். அடுத்த வெள்ளியும் மறந்தேன். அதற்கடுத்த வெள்ளி ஞாபகம் வந்தது, ஏற்றத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கேட்பவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றமாக இருக்கும். அதனால் இப்போது நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

எனக்கு வேலை வவுனியா டவுனில் ஒரு மருந்துக் கடையில். அங்கே கடவுளோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. ஒரு நாள் ஒரு ஐயா வந்து, இருமல் மருந்துக்குள் ஒரு சிட்டிகை திருநீறு போடலாமோ என்று கேட்டார். மருந்துக்குள் வேண்டாம், போத்தலின் வெளியே பூசுங்கோ என்றேன். அடுத்த கிழமை சுகமாகி வந்து, எனக்கும் பிள்ளையாருக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்கு மனது இலேசாக இருந்தது.

என் அக்கா இதற்கெல்லாம் நேரெதிர். அவர் நெடுங்கேணியில் அத்தானோடு இருக்கிறார். அவர்களுக்கு வயலும் நாலைந்து மாடுகளும் உண்டு. அக்காவின் சாமி அறையில் படம் இல்லாத இடம் என்று சுவரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் என்னுடைய நம்பிக்கையின்மை பற்றி அவர் ஒருநாளும் வாதிட்டதில்லை. நான் அங்கே போய் நின்றால், விடியற்காலையில் நான் நித்திரையாக இருக்கும்போது வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போவார். எழும்பிப் பல் விளக்கப் போகும்போதுதான் கண்ணாடியில் தெரியும். நானும் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முகம் கழுவினால் போய்விடும்.

சென்ற வருடம் அக்காவின் கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வர நாளாகும் என்றார்கள். காயத்தில் கொஞ்சம் கிருமி பிடித்திருந்ததால் அதுவரை அக்காவை வார்டிலேயே வைத்திருந்தார்கள். மாடுகளைப் பார்க்க அத்தான் நெடுங்கேணிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நான் கடையில் லீவு போட்டுவிட்டு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

அடுத்த கட்டிலில் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் அம்மா ஒருவர் இருந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வந்தவர். மகன் அங்கே துணிக்கடை வைத்திருந்தான். அவருக்கும் ஏதோ பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தது. அக்காவும் அவரும் முதல் நாளே கூட்டாகிவிட்டார்கள். அவர் படுத்தபடியே தொழுவார். அக்கா படுத்தபடியே கந்தசஷ்டி கவசம் முணுமுணுப்பார். ஒருவருக்காக மற்றவர் வேண்டிக்கொள்வது என்று ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். இடையில் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் அந்த அம்மா என்னைப் பார்த்து, நான் யாரிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அவளுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றார். தங்கைக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடுதான் கேட்டார்.

"அப்ப பயம் வந்தா என்ன செய்வீங்க, தங்கச்சி?"

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கடவுள் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள், சாகும்போது பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதிரையில் இருந்த அத்தனை நாளும் எனக்குப் பயம்தான். அதை எங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பயந்துகொண்டிருப்பன்" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். அக்காவும் சிரிக்கத் தொடங்கினார், தையல் நோக வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு ஓய்ந்ததும் அந்த அம்மா தன் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்து, அது பெரிய வேலைதான், வெறும் வயிற்றில் செய்ய ஏலாது என்றார்.

அவருடைய முடிவு முதலில் வந்தது, நல்ல முடிவு. மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அக்காவின் தலையைத் தடவி, தன் பங்கு வேண்டுதலை வீட்டிலிருந்து தொடர்ந்து செய்வதாகச் சொன்னார். பிறகு சில நாள் கழித்து எங்களுடையதும் வந்தது. புற்றுநோய் இல்லை. அக்கா முதலில் அழுதார். பிறகு தேத்தண்ணீர் கேட்டார். அதைக் குடித்து முடித்ததும் தான் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார். நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரம் இருக்கிற அம்மன் கோயிலில், வருகிற வருடாந்தப் பொங்கலுக்கு அடி அழித்து, வாசலில் பொங்கிப் படைப்பதாக வேண்டியிருந்தாராம். அடி அழிப்பதென்றால், ஒவ்வோர் அடிக்கும் மண்ணில் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிட்டு, எழுந்து அடுத்த அடி வைத்துக் கோயில் வீதியைச் சுற்றி வருவது. டொக்டரோ மாதக்கணக்கில் குனியவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார். பொங்கல் அடுத்த மாதமே வந்தது.

அடுத்த வருடம் செய்யலாமே என்றேன். வாக்கு வாக்குத்தான் என்றார். அப்படியென்றால் அத்தானின் தங்கையைக் கேட்கலாம், அவர் ஒவ்வொரு வருடமும் போகிறவர் என்றேன். அக்கா தலையாட்டினார், இல்லை என்று.

"நீதான் செய்யோணும்."

"அக்கா, நான் நம்பாத ஆள். நான் செய்தால் அது சரிவருமோ?"

"அதுக்குத்தான் கேக்கிறன். நம்புற ஆக்களை அனுப்பினால் அங்கை போய்த் தங்கடை கோரிக்கையையும் சேர்த்து வைப்பினம். மகனுக்கு விசா, மகளுக்குக் கலியாணம் எண்டு. நீ போனால் எனக்காக மட்டும்தான் செய்வாய்."

பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன்.

பொங்கலன்று காலை அத்தான் மோட்டார்சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் இறக்கினார். நடுவில் விறகுக் கட்டு, என் மடியில் மண்பானை. கோயில் கிணற்றில் குளித்து, ஈரச் சேலையோடு மற்றப் பெண்களின் பின்னால் போய் நின்றேன். முதல் தடவை முழந்தாளிட்டபோது எனக்கு வந்தது வெட்கம்தான். மருந்துக் கடைக்கு வருகிற யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்தது எனக்கு முன்னால் விழுந்து எழும்புகிற பெண்ணின் வெடித்த குதிக்கால்களை மட்டும்தான். கொஞ்சத் தூரம் போனதும் வெட்கம் போய் முழங்கால் வலி வந்துவிட்டது. மணல் சூடேறத் தொடங்கியிருந்தது. எல்லாப் பெண்களும் அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் நான் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

கோயிலின் பின்வீதியில் நான் எழும்ப முடியாமல் அப்படியே குந்திவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண் ஒருத்தி என் கையிடுக்கில் பிடித்துத் தூக்கினாள். யாருக்கு நேர்த்தி என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். "அப்ப அக்காவை நினைச்சுக்கொண்டு வாங்கோ, வலி தெரியாது" என்றாள்.

நான் அப்படியே செய்தேன். வலி தெரிந்தது, அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அக்காவும் வந்தார். முகாமில் எங்களுக்குக் குளிக்க மறைப்பு இருக்கவில்லை. நாலு தடியில் ஒரு சேலையைக் கட்டிவிட்டு, நான் உள்ளே குளிக்கும்போது அக்கா வெளியே நின்று, இல்லாத ஆட்களோடு சத்தமாகச் சண்டை பிடிப்பார். யாரோ வாளியைக் களவெடுத்ததாக, யாரோ வரிசையில் முந்தியதாக. அங்கே பெரிய கலகம் நடக்கிறதென்று நினைத்து ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். நான் உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு குளித்தேன். அந்தக் காலத்தில் நான் சிரித்தது அந்த மறைப்புக்குள் மட்டும்தான். பல வருடமாக நினைக்காத விடயம் இது. பிறகு சின்னச் சின்னதாக வேறும் வந்தன. அவருக்கு வெண்டிக்காய் பிடிக்காது, எனக்காகச் சமைப்பார். சினிமாப் படத்தில் யாராவது சாகப் போகிறார்கள் என்று தெரிந்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். விழுந்து எழும்பி விழுந்து, ஒருவரைப் பற்றி மட்டும் அவ்வளவு நேரம் நான் அதற்கு முன் நினைத்திருக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். செய்யவில்லை என்பதும் தெரியும்.

முன்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குள் ஏதாவது திறந்துகொண்டதா என்று கேட்டால், இல்லை. அம்மன் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. தண்ணீர் விடாய்தான் இருந்தது.

பிறகு பொங்கல். கற்களை வைத்து அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினேன். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் நல்லது, தெற்குப் பக்கமாக வழியக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். என் பானை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கே சரிந்துகொண்டு வந்தது. நுரை விளிம்புக்கு ஏறிவிட்டது. பக்கத்து அடுப்புக்காரி இதைக் கண்டுவிட்டாள். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தெற்குக் கல்லுக்கும் பானைக்கும் இடையில் செருகினாள். முதல் துளி மட்டும் தெற்கே விழுந்தது, மிச்சமெல்லாம் அழகாகக் கிழக்கே வழிந்தது. சுற்றி நின்றவர்கள் குரவையிட்டார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மாளாச்சிக்கும் நாங்கள் ஒரு கை குடுக்கத்தானே வேணும்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் கடைசியாக எப்போது ஒரு கோயிலில் அவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று ஞாபகமில்லை. சின்ன வயதில் நம்பியபோதுகூட இருந்ததில்லை. அப்போது எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேனா என்ற பயம் இருக்கும். இப்போது, யாரோ ஒரு பெண் யாரோ ஒருத்தியின் பானைக்கு முண்டு கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது. நான் எதையாவது நம்புகிறேன் என்றால் அந்த ஓட்டுத் துண்டை வைத்த கையைத்தான் நம்புகிறேன் என்று நினைத்தேன். பிறகு, இதை யாரிடமாவது சொன்னால் பிரசங்கம்போல இருக்கும் என்று நினைத்துப் பொங்கலைக் கிண்டத் தொடங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா முதலில் கேட்டது எந்தப் பக்கம் வழிந்தது என்றுதான். கிழக்கு என்று சொல்லிவிட்டிருக்கலாம். முக்கால்வாசி உண்மைதான். ஆனால் என்னை அனுப்பியதே நான் கலப்பில்லாமல் செய்வேன் என்றுதானே. முதல் துளியையும் ஓட்டுத் துண்டையும் சொன்னேன். அக்கா பொங்கலை வாயில் வைத்தபடி யோசித்தார்.

"முண்டு குடுத்தது ஆர்? உனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"இல்லை. முன்னம் கண்டதே இல்லை."

"அப்ப அது அம்மாள்தான்" என்றார் அக்கா, தீர்ந்தது அலுவல் என்பதுபோல. "உப்புக் காணாது" என்றும் சொன்னார். நானும் விட்டுவிட்டேன். ஒரே பெண்ணைத்தான் இரண்டு பேரும் சொல்கிறோம், பெயர் வேறு.

சில மாதம் கழித்து அக்கா கிளினிக்குக்கு வந்தவர் நெளுக்குளத்தில் என் வீட்டில் தங்கினார். நன்றாகத் தேறியிருந்தார். முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் நேர்த்தியை நான் செய்தேன், என்னுடையது ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும் என்றேன். நான் முந்திப் போனால் ஐயர் வேண்டாம், கிரியை வேண்டாம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வேண்டாம். அக்காவின் முகம் மாறிவிட்டது. அவருக்கு அது மணலில் விழுந்து எழும்புவதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரிந்தது. சேலைக் கரையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, செய்யிறன்" என்றார் கடைசியில். "ஆனால் நான் அங்கை என்ன செய்யிறது? கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதே?"

"என்னைப் பற்றிக் கதையுங்கோ. ஆக்கள் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கோ."

"அது சொல்லலாம். நிறைய இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஒரு தேவாரமெண்டாலும் படிக்கக் கூடாதோ?" என்றார்.

எனக்குக் கேட்கவா போகிறது, உங்கள் ஆறுதலுக்கு ஒன்று படியுங்கோ என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். ஆனால் மனதுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போன கிழமை தொலைபேசி எடுத்து, ஒன்றோடு நிறுத்தினால் அரைகுறையாக இருக்கும், ஐந்து தேவாரமாவது வேண்டும் என்றார். நான் இரண்டுக்குச் சம்மதித்திருக்கிறேன். இன்னும் பேசி முடியவில்லை.