ஆந்தைச் சீட்டில் அம்மாவின் பெயர்

ஷிப்ட் முடிந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நின்றிருந்தேன். பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒன்றைப் புரட்டினால், உள்ளட்டையில் யாரோ தன் பெயரை அச்சடித்து ஒட்டிய பூப்போட்ட சீட்டு.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மா எடைக்கு வாங்கிவந்த கதைப்புத்தகத்திலும் அப்படி ஒன்று இருந்தது. ஆந்தைப் படம், கீழே ஒரு பெண்ணின் பெயர், பெங்களூர் விலாசம்.

“இவ்ளோ ஆசையா ஒட்டியிருக்காங்க. பாவம், தொலைச்சிருப்பாங்க. குடுத்துட்டு வந்துரலாம்” என்றாள், தையல் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா. வாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே லீவு நாளில் பஸ் ஏறினோம்.

கதவைத் திறந்த முதியவள் சீட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “நானேதாம்மா வித்தேன். இப்போ கண்ணு தெரியல்ல. நீங்களே வெச்சுக்கோங்க, உங்க பேரையும் எழுதிக்கோங்க” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிப் பேனாவை நீட்டினாள்.

அம்மா தயங்கினாள். “எங்க வீட்டுப் பாத்திரத்துலகூட அவரு பேருதாங்க இருக்குது” என்று சிரித்தாள். பிறகு அச்சடித்த பெயருக்குக் கீழே, மெதுவாக, ‘முனிரத்னா’ என்று எழுதினாள்.

திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஓசூர் வந்தும் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்று எனக்கும் யார் தோளிலாவது அப்படிச் சாய வேண்டும் போலிருந்தது.