மோட்டார் ஓடுதா இல்லையானு காட்ட ஒரு பேஜ்

ஆஃபீஸ்ல இருக்கேன், மேல் ஊட்டு உஷாக்கா ஃபோன் பண்றாங்க. "தம்பி, மாடி டேங்க் வழிஞ்சு பார்க்கிங் ஃபுல்லா தண்ணி. உன் பேஜ்ல மோட்டார் ஆஃப்னு கீது. இன்னா இது?"

மேட்டர் இதான். கள்ளிக்குப்பத்துல எங்க அபார்ட்மென்ட்டுக்கு சம்ப்ல இருந்து தண்ணி ஏத்த ஒரே மோட்டார். யார் போட்டது, யார் நிறுத்தறதுன்னு தெனம் பஞ்சாயத்து. அதுக்காக நான் ஒரு சின்ன வெப் ஆப் எழுதுனேன். மோட்டார் போட்டவங்க ஃபோன்ல பட்டன அமுக்கணும். எல்லாருக்கும் "ஓடுது"னு காட்டும். ஊட்ல இருக்கறவங்க பாத்து நிறுத்திடுவாங்க.

இத்துனூண்டு ஆப்புக்கு ரியாக்ட், ஸ்டேட் லைப்ரரி, ரவுட்டர்னு பெரிய சைட்டுக்கு போடற டூல் எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருந்தேன். வேலைல அதான் பண்றோம், கை தானா போவுது.

அன்னிக்கு மோட்டார் போட்டது கீழ் ஊட்டு சேகர் அங்கிள். ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரில ரிட்டையர் ஆனவரு.

சாயங்காலம் ஊட்டுக்கு போனதும் அவரையே கேட்டேன். "பட்டன் அமுக்குனீங்களா அங்கிள்?"

"அமுக்குனேன்பா. ஓடுதுன்னு வந்துச்சு. பாத்துட்டுதான் வெளிய கெளம்புனேன்."

அவர் ஃபோன்ல இன்னும் "ஓடுது". உஷாக்கா ஃபோன்ல "ஆஃப்". ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா செம இன்ட்ரஸ்டிங். மோட்டார் ரூம் படிக்கட்டுக்கு அடியில, சிக்னலே வராது. ஸ்கிரீன் மொதல்ல மாறட்டும், சேதி சர்வருக்கு அப்புறம் போவட்டும்னு நான் எழுதியிருந்தேன். அது போவவே இல்ல. ரியாக்ட் பாவம், நான் சொன்னத செஞ்சுச்சு.

உஷாக்கா கறாரா சொல்லிட்டாங்க. "இன்னொரு வாட்டி வழிஞ்சா உன் பேஜ தூக்கிட்டு பழையபடி வாட்ஸ்ஆப் குரூப்தான்."

கூட வேலை செய்யற தினேஷ், பாடி ஏரியாக்காரன், நான் எழுதுன கோட் எல்லாம் பாத்துட்டு சிரிச்சான். "மச்சான், ஒரு பட்டனுக்கு இவ்ளோ ஃபைலா? கொசு அடிக்க ஜேசிபி இட்டுகினு வந்துகீற."

சரி, எவ்ளோதான் கொறைக்க முடியும்? எல்லாத்தையும் அழிச்சிட்டு பைத்தான் சர்வர், வெறும் ஃபார்ம். வேல செஞ்சுச்சு, ஆனா அடுத்தவங்க பேஜ ரிஃப்ரெஷ் பண்ணாதான் தெரியும். அப்போ htmx-னு ஒரு குட்டி டூல் போட்டேன். ஒரே ஸ்கிரிப்ட் ஃபைல், பில்டு கில்டு எதுவும் இல்ல. பட்டன அமுக்குனா சர்வர் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் HTML அனுப்பும், அது வந்தாதான் ஸ்கிரீன் மாறும். மத்த ஃபோனுங்க அப்பப்ப சர்வர கேட்டுக்கும். யார் எப்போ மோட்டார் போட்டாங்கன்ற பழைய லிஸ்ட தொறந்து மூட Alpine-னு இன்னொரு டூல் டிரை பண்ணேன். HTML-லயே இருக்கற details டேகே அத பண்ணுது, Alpine அவுட். சும்மா பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட ஆஃப் பண்ணி பாத்தேன். ஃபார்ம் அப்பவும் சர்வருக்கு போய் சேந்துச்சு. அட.

"நெட் இல்லன்னா ஒண்ணுமே மாறாதே, அங்கிள் உன்ன திட்டுவாரு மாமே"ன்னான் தினேஷ். கரெக்ட். "போவல, திரும்ப அமுக்குங்க"ன்னு வர ரெண்டு லைன் சேத்தேன்.

அடுத்த வாட்டி அங்கிள் மோட்டார் போட்டப்ப உஷாக்கா ஃபோன்.

"இன்னா தம்பி, அங்கிள் வாசல் கேட்டாண்ட நின்னுகினு ஃபோன குத்திகினு இருந்தாரு. படிக்கட்டாண்ட போவலன்னு காட்டுச்சாம். அப்புறம் எனக்கு ஓடுதுன்னு வந்துச்சு, டேங்க் ரொம்புனதும் நிறுத்திட்டேன். தண்ணி வழியல."

பேஜ் பொழச்சுது.

சொந்த ஆப்புக்கு டூல் தேடுறவங்களுக்கு சொல்றேன், சைஸ மட்டும் பாக்காதீங்க. ஏரோப்ளேன் மோட்ல போட்டு பட்டன அமுக்குங்க. அப்போ ஸ்கிரீன் இன்னா சொல்லுதோ அத நம்பி ஒருத்தர் ஊட்ட விட்டு கெளம்பலாமான்னு யோசிங்க.